ஈரத்துக்கு ஏற்ற டயர்

மழை தொடங்கிய நாளிலிருந்து எடைச் சோதகர் தம் காரின் டயர்களைக் காலையிலும் மாலையிலும் குனிந்து பார்த்தார். பார்ப்பதனால் ரப்பர் வளராது என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், தூணுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே காரை நெருக்கி நிறுத்தியிருந்த இடத்தில், சட்டைப்பையிலிருந்து ஆழமானியை எடுத்து ஒவ்வொரு டயரின் பள்ளத்திலும் ஊன்றி, அளவைப் படித்து, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுவார். எழும்போது முழங்கால் சொடுக்கும். படியிறங்கி வரும் மகளுக்கு அப்பா எங்கே இருக்கிறார் என்பதை அந்தச் சத்தமே சொல்லிவிடும். அவள் தூணின் மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு போவாள்.

"வரேம்ப்பா."

"பஸ்ஸா?"

"ஆமா."

"மழை வர்ற மாதிரி இருக்கே."

"கோட்டு எடுத்திருக்கேன்."

உரையாடல் அவ்வளவுதான். பஸ் வரும் வரை வாசல் கம்பியருகே அவள் நிற்பதைக் காரின் பக்கக் கண்ணாடியில் அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைகளிலும் கிடங்குகளிலும் உள்ள எடைக்கருவிகள் சரியாக நிறுக்கின்றனவா என்று சோதித்துச் சான்று ஒட்டுவது அவர் தொழில். சந்தைப் பக்கத்தில் அவருக்குக் 'கல்லு சார்' என்று பெயர். காரின் பின்பெட்டியில் எப்போதும் இரும்பு எடைக்கற்கள் மரத்தட்டுகளில் அடுக்கப்பட்டிருக்கும். அந்தக் காரோ கல் சுமப்பதற்காகப் பிறந்ததன்று. தாழ்ந்த கூரையும் அகன்ற பின்சக்கரங்களும் கொண்ட வேகக் கார். முதல் உரிமையாளர் அலுத்துப்போய் விற்றபோது, புதிய சிறு காரொன்றின் விலைக்கும் குறைவாகக் கிடைத்தது. அக்கம்பக்கத்தார் அவரைப் பணக்காரர் என்றும், மனைவியின் தம்பி அவரை ரசிகர் என்றும் கருதினார்கள். இரண்டையும் அவர் மறுத்ததில்லை.

அந்தக் காரில்தான் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அவர் வேலைக்குப் போவார். பதின்மூன்று வயதைத் தொட்டதிலிருந்து அவள் வீட்டில் பேசுவது தந்தி போல் சுருங்கியிருந்தது. காரில் அப்படியில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டாம், இருவருமே சாலையைப் பார்த்தால் போதும் என்ற வசதி கிடைத்ததும், கைப்பந்து அணியிலிருந்து யாரை எடுத்தார்கள், யார் யாரோடு பேசுவதில்லை, எந்த ஆசிரியை தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தார் என்பதெல்லாம் மளமளவென்று வரும். அவர் 'ம்' என்பார், இடையிடையே 'அப்புறம்?' என்பார். அவருக்கு நாள் தொடங்குவதே அப்படித்தான்.

முதல் மழை பெய்த காலையில், ரயில் பாலத்தின் கீழுள்ள வளைவில், காரின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்திக்கொள்ளப் பார்த்தது. அவர் திருப்பினார், கார் வேறு விதமாகத் திரும்பியது. ஒரு முழு அரைவட்டம் சுற்றி, வந்த திசையைப் பார்த்துக்கொண்டு, நடுத்திட்டில் சக்கரம் இடித்து நின்றது. எதிரே பால் வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டிருந்தார். யாருக்கும் அடியில்லை. மகள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றிருந்தது. பையை எடுத்துக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, மீதித் தூரத்தை மழையில் நடந்தே போனாள்.

அன்று மாலை அவர்தான் முதலில் பேசினார்.

"டயர்மா. டயர்தான் வழுக்கிடுச்சு. ரப்பர் பழசாயிடுச்சுன்னா அப்படித்தான்."

"அப்ப மாத்துங்க. மாத்தினா வரேன்."

இவ்வளவு தெளிவான நிபந்தனையை அவருடைய வாடிக்கையாளர்கள்கூட விதித்ததில்லை. டயர் வாங்கினால் மகள் வருவாள். அன்றிலிருந்து அவரால் உட்கார முடியவில்லை.

*

அவருடைய மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநர். தம் காலடியில் தனியாக ஒரு பிரேக் உள்ள சிறு காரில், பயந்தவர்களின் பக்கத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பது அவர் வேலை. மாலையில் வந்ததும் நாற்காலியில் காலை நீட்டி முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பார். அன்றும் தேய்த்துக்கொண்டிருந்தார். மேசைமேல் ரொட்டியும் முட்டையும் ஆறிக்கொண்டிருந்தன. எதிரே அவருடைய தம்பி, கைப்பேசியை மாமாவின் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தான். செயற்கைப் பல் செய்யும் கூடம் வைத்திருப்பவன். விரல் நகங்களில் பிசின் வெள்ளை போகவே போகாது.

"இதப் பாருங்க மாமா. ரேஸ்ல ஓடற கம்பெனி. மெத்துன்னு ரப்பர். ரோட்டக் கவ்விக்கும்."

"சூடானாத்தான் கவ்வும் மச்சான். ஸ்கூல் போறதுக்குள்ள எங்க சூடாகறது? அதுவும் ஈரத்துல."

"அப்ப கார எதுக்கு வாங்கினீங்க? அதுக்குப் போய் வருஷக்கணக்கா தேயாத டயரப் போட்டீங்கன்னா காருக்கே அவமானம்."

"உன் கார்ல என்ன டயர்டா?" என்றார் அக்கா, தைலத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்கிட்ட ஏதுக்கா கார்? ஸ்கூட்டர்தான்."

"அதான் கேட்டேன்."

சோதகரின் சிக்கல் எளிமையாகத் தோன்றும், ஆனால் எளிமையானதன்று. முன்சக்கரத்துக்கு ஓர் அகலம், பின்சக்கரத்துக்கு வேறோர் அகலம். முன்னதைப் பின்னே மாற்றிப் போட்டுச் சமாளிக்க வழியில்லை. மலிவான கம்பெனிகள் முன்னளவைச் செய்தன, பின்னளவைச் செய்யவில்லை. கார் பிறந்தபோது போட்டிருந்த அதே டயரை வாங்கலாம். வாங்கினால் வீட்டில் வேறெதையும் வாங்க முடியாது. பெயர் தெரியாத ஒன்று இரண்டு அளவிலும் கிடைத்தது. அதன் ஈரப்பிடிமானத் தரம் கடைசிப் படியில் இருந்தது. இடையில் ஒன்று உண்டு. ஈரத்தில் நல்ல தரம், விலை தாங்கக்கூடியது, ஆனால் ஓடும்போது இரையும் என்றும், வளைவில் கொஞ்சம் சோம்பலாகத் திரும்பும் என்றும் போட்டவர்கள் இணையத்தில் எழுதியிருந்தார்கள். அந்த இரைச்சலைப் பற்றியே அவர் மூன்று மாலைகளைச் செலவிட்டிருந்தார்.

"இரைஞ்சா என்னங்க?" என்றார் மனைவி.

"இரைஞ்சா அவ பேசறது கேக்காது."

மனைவி தைலப் புட்டியை மூடினார். பிறகு பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

"பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இவ்வளவு விசாரிக்கலையே."

"அப்ப வந்தது ஒரே ஒரு இடம்."

"அதுக்காக? விசாரிச்சிருக்கலாம்."

"விசாரிச்சிருந்தா என்ன தெரிஞ்சிருக்கும்?"

"எனக்குத் தம்பி ஒருத்தன் இருக்கான்னு தெரிஞ்சிருக்கும்."

முட்டையை வாயில் வைத்தபடி சிரித்த தம்பிக்குப் புரையேறியது. அந்தச் சத்தத்தில் மகள் அறையிலிருந்து வந்து தண்ணீர் பிடித்தாள். குழாய்ப் பக்கம் திரும்பியபடியே கேட்டாள்.

"முடிவாயிடுச்சா?"

"நாளைக்கு."

"நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்னீங்க."

அவள் போன பிறகு மனைவி தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஏங்க, எதையாவது வாங்குங்க. கருப்பா, உருண்டையா இருந்தாப் போதும்."

*

மறுநாள் மதியம் அவர் டயர் கடைக்குப் போனார். தகரக் கூரைமேல் மழை பெய்யும் ஓசையும் காற்றழுத்தியின் உறுமலும் சேர்ந்து, கடையில் யாரும் மெதுவாகப் பேச இயலாதபடி செய்திருந்தன. டயர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. புது ரப்பரின் காரநெடி தொண்டையில் இறங்கியது. கடைக்காரர் பருத்த உடம்போடு ஒரு பழைய டயரின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"வாங்க கல்லு சார். நாலு நாளா போன்ல வாங்கினீங்க. இன்னிக்கு நேர்லயே வாங்கிடுங்க."

"அந்த நடுவுல உள்ளது ரெண்டு அளவும் இருக்கா?"

"இருக்கு. எடுத்தே வெச்சிட்டேன். நீங்க எதக் கேப்பீங்கன்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியல."

"சத்தம் அதிகமாமே?"

"சத்தமே வேணாம்னா ஓட்டாம நிறுத்தி வெக்கணும் சார். என் வீட்ல இருக்கறவங்கள விடக் கம்மியாத்தான் கத்தும், நம்பி எடுங்க."

சோதகர் டயரின் பக்கச்சுவரில் இருந்த தயாரிப்புத் தேதியைக் குனிந்து படித்தார், அந்த ஆண்டினதுதான். தலையசைத்தார். இவ்வளவு நாள் இழுத்த முடிவு ஒரு தலையசைப்பில் தீர்ந்துபோனது அவருக்கே சற்று ஏமாற்றமாக இருந்தது.

கடைக்காரர் காரை உயர்த்துவதற்கு முன் வழக்கப்படி ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றை அளந்தார். பின்சக்கரத்தில் அளந்தவர் மீண்டும் ஒருமுறை அளந்தார்.

"பின்னாடி ஏன் சார் இவ்வளவு காத்து? லோடு அடிப்பீங்களோ?"

"ஆமா. எடைக்கல்லு. கதவோரத்துல ஒட்டியிருக்கற பட்டியல் பாத்துதான் வெச்சேன். முழு பாரத்துக்கு உள்ள அளவு."

"வீல் நட்டக் கழட்டற சாவி டிக்கிலயா?"

சோதகர் போய்ப் பின்பெட்டியைத் திறந்தார். திறந்த கை அப்படியே மூடிமேல் நின்றது.

பின்பெட்டி காலியாக இருந்தது. அது காலியாக இருப்பது அவருக்குப் புதிய செய்தியன்று. பிறருடைய தராசுகளைச் சோதிக்கும் கற்களையும் ஆண்டுக்கொருமுறை யாரேனும் சோதிக்க வேண்டும். மழைக்கு முந்திய வாரத்தில் அவரே அவற்றைத் தலைமைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி ரசீது வாங்கியிருந்தார். கற்கள் போனபின் காற்றைக் குறைக்கவில்லை. இரண்டு ஆள் பாரம் இறங்கிப்போன பின்பக்கத்தில், பாரத்துக்கென்று விறைக்க ஏற்றிய காற்றோடு, அகன்ற டயர்கள் தரையில் பாதி முகத்தை மட்டும் பதித்துக்கொண்டு, முதல் மழையின் எண்ணெய்க் கசடுமேல் வளைவில் திரும்பியிருக்கின்றன. பள்ளத்தின் ஆழத்தை நாள் தவறாமல் அளந்தவர், அந்தப் பள்ளத்தின் மேல் என்ன பாரம் இருக்கிறது என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. எடையே அவர் தொழில்.

"சாவி கெடச்சுதா சார்?"

"ம்."

பழைய டயர் இயந்திரத்தில் 'டப்' என்று விளிம்பு விட்டுக் கழன்றது. கடைக்காரர் அதை உருட்டிவிட்டார். காய்ந்த தோல்போல் விறைப்பாக ஓடிச் சுவரில் மோதிச் சாய்ந்தது.

"ரப்பரும் காஞ்சுதான் போயிருக்கு, இல்லையா?" என்றார் சோதகர்.

"காஞ்சிருக்கு சார். ஏன்?"

"மழையில ஒருநாள் பின்னாடி இழுத்துச்சு. அது டயராலயா, காத்தாலயா?"

"ரெண்டும்தான்."

"எது எவ்வளவு?"

கடைக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "அதப் பிரிச்சு நிறுக்கறதுக்குத் தராசு இல்ல சார்," என்றார். நகைச்சுவை என்று தாமே கருதிச் சிரித்தார். புது டயரின் மேல்வழவழப்பு போகும் வரை கொஞ்ச நாள் மெதுவாக ஓட்டும்படி சொல்லி அனுப்பினார்.

*

மாலையில் மகள் கூப்பிடாமலேயே கீழே வந்தாள். ஒவ்வொரு டயராகச் சுற்றிப் பார்த்தாள். புது ரப்பரின் மேல் நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய இழைகளை விரலால் வருடி, ஒன்றைப் பிடுங்கி எடுத்தாள்.

"முடி மாதிரி இருக்கு."

"ஓட ஓடப் போயிடும்."

"நாளைக்கு வரேன்," என்றாள். பிறகு, "கைப்பந்து டீம்ல என்னச் சேத்துக்கிட்டாங்க. அத நாளைக்குச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போனாள்.

அவர் விரும்பியதெல்லாம் கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருப்பதைத் தவிர அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. மேலே போய்க் கை கழுவினார். கீழே வந்து பூட்டிய காரைப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்தார். மறுபடி மேலே போனார். மனைவி அடுப்படியிலிருந்து, "லிஃப்ட்டு வேலைக்கு ஆள் எடுக்கறாங்களாம், போறீங்களா?" என்று கேட்டார். தவறான தராசில் 'தகுதியற்றது' என்ற சிவப்புச் சீட்டை ஒட்டும்போது கடைக்காரர்கள் சொல்லும் காரணங்கள் அவருக்கு மனப்பாடம். தராசு சமதளத்தில் இல்லை, மின்விசிறிக் காற்று பட்டது, நேற்றுவரை சரியாக இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை உண்மையாகவே இருக்கும். அவர் சீட்டை ஒட்டிவிட்டுத்தான் வருவார்.

சாப்பாட்டின் நடுவில் சொன்னார்.

"அன்னிக்குச் சுத்தினது டயரால மட்டும் இல்ல."

மகள் நிமிர்ந்தாள். அவர் கல் போனதையும், காற்றைக் குறைக்காததையும், அலுவலக அறிக்கை போல் வரிசையாகச் சொன்னார். வேறு விதமாகச் சொல்ல அவருக்கு வராது.

மனைவிதான் முதலில் வெடித்தார். "இத்தன நாளா டயர் டயர்னு வீட்டத் தலைகீழாக்கினீங்களே!"

"டயரும் பழசுதான்."

"அத யாரு கேட்டா? என்கிட்ட வர்றவங்களும் இப்படித்தான். சொவத்துல இடிச்சா கண்ணாடி சரியில்லம்பாங்க, பள்ளத்துல விட்டா ரோடு சரியில்லம்பாங்க. அவங்களாவது கத்துக்க வந்தவங்க."

மகள் தாயைப் பார்க்கவில்லை.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"இன்னிக்கு மத்தியானம்."

"நான் கீழ வந்து டயர் பாத்தனே, அப்பத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மிச்சத்தைக் கொட்டி, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நான் பஸ்லயே போறேன்."

*

வாரம் முடியும்வரை அவள் பஸ்ஸில்தான் போனாள். சோதகர் காலிப் பின்பெட்டியோடு தனியே போய்வந்தார். டயர்கள் இரைந்தன, எழுதியிருந்தவர்கள் சொன்ன அளவுக்கு இல்லை. யாரும் பேசாத காரில் அந்த இரைச்சல் எதையும் மறைக்கவில்லை.

பள்ளி விடுமுறை நாளின் காலையில் மழை அடித்துப் பெய்தது. மனைவி ஆணியிலிருந்து கார்ச் சாவியை எடுத்தார்.

"ரெண்டு பேரும் கீழ வாங்க."

"எங்கம்மா?"

"வா, சொல்றேன். நான் ஓட்டறேன். நீ முன்னாடி. அவரு பின்னாடி."

அந்தக் காரை மனைவி அதுவரை ஓட்டியதில்லை. இருக்கையை முன்னே இழுத்தார், கண்ணாடிகளைத் திருப்பினார், கிளட்சை மிதித்துப் பார்த்து, "இத மிதிக்கறதுக்கு ஒரு ஆளத் தனியா வெக்கணும் போலிருக்கே," என்றார். பின்னிருக்கையில் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்திருந்த சோதகர், தம் காரின் பின்பகுதி இவ்வளவு குறுகலானது என்பதை அன்றுதான் அறிந்தார். முதல் திருப்பத்தில் அவர் கால் தானாகத் தரையை அழுத்தியது.

"அங்க பிரேக் இல்லைங்க," என்றார் மனைவி, திரும்பாமலேயே.

மகளின் தோள் ஒருமுறை குலுங்கியது. சிரிப்பா என்று பின்னாலிருந்து பார்த்து முடிவு செய்ய அவரால் இயலவில்லை.

ரயில் பாலத்தின் கீழ் வண்டி ஊர்ந்தது. மகளின் கை இருக்கையின் ஓரத்தைப் பற்றியிருந்தது. பாலம் கடந்து, கிடங்குகளின் பின்னால், விடுமுறையில் லாரிகள் வராத அகன்ற சாலையில் கார் நின்றது. தண்ணீர் தாரின் மேல் மெல்லிய தகடாக ஓடிக்கொண்டிருந்தது.

"என்கிட்டப் படிக்கற எல்லாரையும் மொத மழைக்கு இங்க கூட்டிட்டு வருவேன்," என்றார் பயிற்றுநர். "வண்டி எப்ப நிக்கும், எப்ப நிக்காதுன்னு வயித்துல தெரியணும். சொன்னாத் தெரியாது. கெட்டியா உக்காருங்க."

வேகம் எடுத்தார், அதிகமன்று. பிறகு பிரேக்கை ஓங்கி மிதித்தார். காலடியில் பிரேக் கடகடவென்று அதிர்ந்தது. பெல்ட் மார்பைப் பிடித்தது. கார் மூக்கைத் தாழ்த்தி, கோடு போட்டதுபோல் நேராக நின்றது. துடைப்பான் இருமுறை போய்வந்தது.

"இன்னொரு தடவ போடும்மா," என்றாள் மகள்.

இன்னொரு தடவை போட்டார். மூன்றாவது முறை வளைவில் போட்டார். பின்பக்கம் ஒரு கணம் நெளிந்து பார்த்துவிட்டு அடங்கியது. மகள் "ஹோ!" என்றாள். தன்னையறியாமல் வந்த குரல். வந்தபின் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மனைவி காரை நிறுத்திவிட்டு, குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கினார். பின்கதவைத் திறந்தார்.

"இறங்குங்க. இப்ப நீங்க."

சோதகர் இறங்கி, நனைந்தபடி முன்னால் வந்து உட்கார்ந்தார். மனைவி முன்னே இழுத்திருந்த இருக்கையில் அவர் முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியது, பின்னே தள்ளினார். கை துடைக்க எதுவும் இல்லாமல் சட்டையிலேயே துடைத்தார். மனைவி காரைச் சுற்றிக்கொண்டு வந்து மகளின் பக்கக் கதவைத் திறந்து, குடையை அவள் தலைக்கு மேல் நீட்டினார்.

"நீ வேணும்னா என்கூட நின்னு பாரு. கட்டாயம் இல்ல."

மகள் எழவில்லை, பெல்ட்டின் கொக்கியில் விரலை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தாள். மழை சாய்வாக வந்து அவள் மடியை நனைத்தது.

"பின்னாடி காத்து எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள்.

"காலி வண்டிக்கு உள்ள அளவு. நேத்து வெச்சேன்."

"யாரு பாத்தா?"

"நான் பாத்தேன். அப்புறம் அம்மா பாத்தா. நான்தான் பாக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டேன்."

அவள் தாயை அண்ணாந்து பார்த்தாள். தாய் தலையசைத்தார். குடையின் விளிம்பிலிருந்து நீர் கோடாக வழிந்தது. சாலையின் மறு கோடியில் எதுவும் வரவில்லை. சோதகர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, அவள் பக்கம் திரும்பாமல், சாலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவச் சாத்தும்மா," என்றாள் மகள். "உள்ள நனையுது."